பூனைக்குப் போட்ட மாட்டு மருந்து

1. எங்கள் பூனைக்குத் தெள்ளுப் பிடித்தது.
2. தெள்ளு என் கால்களையும் கடித்தது.
3. தான் ஊரிலிருந்து திரும்புவதற்குள் தெள்ளு போகாவிட்டால் பூனை போகும் என்று அம்மா சொன்னார்.
4. மாமா கணக்குப் பார்த்து மருந்து போட்டார். கணக்கில் பிழை இல்லை.
5. பூனை நடுங்கத் தொடங்கியது.

நான் இப்போது தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்கிறேன். அங்கே ஏதாவது பிழையாகிப்போனால், யாரையும் ஏசுவதற்கு முன்னர் நடந்ததை இப்படி வரிசையாக எழுதிக்கொள்வோம். நல்ல பழக்கம்தான். பயத்தை மட்டும் எந்த இலக்கத்தின் கீழ் எழுதுவது என்று தெரிவதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. வீடு சல்லி என்ற கடலோர ஊரில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் இருந்தது. அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். முன்பக்கக் கொட்டிலில் படகு இஞ்சின்களும் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளும் திருத்துவார். பூனைக்குப் பெயர் சூடை. மெலிந்து, வெள்ளி பூசினது போல இருந்ததால் மாமா அந்த மீனின் பெயரையே வைத்துவிட்டார். பகல் முழுவதும் கருவாடு காயும் முற்றங்களில் புரண்டுவிட்டு, படுக்கும் நேரத்துக்கு என் கட்டிலில் ஏறிவிடும். தெள்ளும் கூடவே ஏறியது.

என் கால்களில் சிவப்புப் புள்ளிகளைக் கண்ட ரீச்சர், கொப்புளிப்பானாக இருக்குமோ, மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றுமோ என்று என்னைக் கடைசி வாங்கில் தனியே இருத்தினார். அது அம்மாவின் காதுக்குப் போனது. அந்தக் கிழமை அம்மாவும் அப்பாவும் இலங்கைத்துறையில் ஒரு முப்பத்தோராம் நாள் காரியத்துக்குப் போக இருந்தார்கள். எனக்குத் திங்கட்கிழமை தவணைப் பரீட்சை. அதனால் நான் மாமாவோடு நிற்பதென்று முடிவாகியது. சனிக்கிழமை காலை படலையடியில் நின்று அம்மா சொன்னார்:

"நாங்கள் வரேக்க அதின்ர உடம்பில ஒரு தெள்ளுக் கிடந்தாலும், பிடிச்சு மூதூர் லோஞ்சில ஏத்திப்போடுவன்."

வெறும் மிரட்டல் இல்லை. எங்கள் பக்கத்தில் வேண்டாத பூனையைச் சாக்கில் போட்டு, அக்கரைக்குப் போகும் யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். தரைவழியே கொண்டுபோய் விட்டால் மணம் பிடித்துத் திரும்பிவிடும், கடல் தாண்டினால் வழி தெரியாது. எதிர்வீட்டுக் கறுப்புப் பூனை அப்படித்தான் போனது. சாக்குக்குள் இருந்து அது கத்தியதை நான் கேட்டிருக்கிறேன்.

அன்று பின்னேரமே தோப்பூரிலிருந்து, நாங்கள் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் பெரியவர் பம்பைத் திருத்தக் கொண்டுவந்தார். வயலும் மாடும் உள்ள மனிதர். மாமா அவரிடம் கதையைச் சொன்னார்.

"என்ட பட்டியில முப்பது மாடு நிக்கிது. ஒண்டுலயும் ஒரு உண்ணி காட்டுங்க பாப்பம்" என்றார் நானா. "ஆனா தம்பி, பூனைக்குப் போட்டுப் பழக்கமில்ல. உங்கட பாடு."

தன் பட்டிக்கென்று வரும் வழியில் வாங்கியிருந்த மாட்டு மருந்திலிருந்து கொஞ்சத்தை ஒரு சின்னப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தார். அந்தப் போத்தலில் வாசிப்பதற்கு ஒன்றுமே ஒட்டியிருக்கவில்லை.

மாமா கண்மூடித்தனமாக எதையும் செய்கிறவர் அல்லர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் நிறுக்கும் தராசைக் கூரை வளையில் தொங்கவிட்டு, சூடையைக் கூடையில் வைத்து நிறுத்தார்.

"மூண்டு கிலோ. பாரைக்குட்டியெண்டா நல்ல விலை போகும்."

"மாமா!"

"பகிடிக்கு, மருமோள். மாடு முந்நூறு கிலோ எண்டு வை. அப்ப இது நூறில ஒரு பங்கு. மருந்தும் நூறில ஒரு பங்கு. இஞ்சினுக்குப் பெற்றோலில ஒயில் கலக்கிற மாதிரித்தான். அளவு பிழைச்சால்தான் இஞ்சின் இறுகும்."

அதைவிட ஒழுங்கான நியாயத்தை நான் கேட்டதே இல்லை. ஊசிக்குழாயில் அளந்து முதுகு நெடுக விட்டார். சூடை அவரிடம் நிற்காது, ஆகவே பிடிப்பதும் தேய்ப்பதும் என் வேலை. "தலையில இருந்து வால் வரைக்கும் நல்லாத் தேய்" என்றார். தேய்த்தேன். பிறகு அது பயந்திருக்கும் என்று நினைத்து, வழமைபோல் முதுகில் கன்னத்தை வைத்துக் கொஞ்சினேன். கொஞ்ச நேரத்தில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் தெள்ளுகள் உதிர்ந்தன. மாமா உதட்டைக் குவித்துச் சீக்காயடித்தார். "கணக்கெண்டால் கணக்கு!"

மத்தியானம் மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டோம். கோப்பையை வைக்க எழும்பியபோதுதான் சூடையைப் பார்த்தேன். குசினி வாசலில் நின்றது. முதலில் ஒரு காது மட்டும் துடித்தது. பிறகு ஈரத்தில் மிதித்தது போல முன்காலை உதறியது. பிறகு தோல் முழுவதும், உள்ளே ஏதோ ஓடுவது போல, அலையலையாக அசைந்தது. என்னை நோக்கி வர நினைத்து நாலடி வைத்தது. பின்கால்கள் பக்கவாட்டில் வழுக்கிப் போயின. சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

"மாமா, சூடை சாகப்போகுது!"

மாமா ஓடிவந்தார். பூனையை ஒருதரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கையைக் காட்டு."

நான் பூனையைக் காட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பைப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். முழங்கை வரை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். கழுவி, மீண்டும் தேய்த்தார். முகத்தையும் கழுத்தையும் தேய்த்தார். நான் கத்தினேன், காலால் உதைத்தேன்.

"என்னையில்ல! சூடையைக் கழுவுங்க! அது நடுங்குது!"

"வாயை மூடு. சாப்பிட முதல் கை கழுவினனியோ?"

"ஓம்" என்றேன். அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் எப்போதும் சொல்லும் பதில் அதுதான். உண்மையில் கழுவினேனா என்பது எனக்கு நினைவில்லை.

சட்டையையும் மாற்றவைத்த பிறகுதான் சூடையை எடுத்தார். பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் அடித்தோல் வரை கழுவினார். என்னைக் கிட்ட விடவில்லை. துவாயில் சுற்றி, குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்தினார். மிருக வைத்தியரின் கந்தோர் ஞாயிற்றுக்கிழமை பூட்டு. முற்றத்துக்குப் போய் நானாவுக்குத் தொலைபேசி எடுத்தார். குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தார். ஒரு வசனம் மட்டும் கேட்டது: "எத்தினை மணித்தியாலத்தில தெரியவரும்?"

எனக்கும் அதே கேள்விதான். நான் கதவின் கீழிடைவெளியில் காதை வைத்துப் படுத்துக்கொண்டேன். துவாய் தரையில் உரசும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. சத்தம் நின்றபோதெல்லாம் கதவை விரலால் சுரண்டினேன்.

அந்தப் பின்னேரம் மாமா எனக்குப் பிடிக்காத மனிதராக மாறினார். பூனையைப் பார்க்கப் போவார் என்று காத்திருந்தால் என்னிடம் வருவார். "ரெண்டு கையையும் நீட்டு. விரலை விரி." நீட்டுவேன். உற்றுப் பார்ப்பார். "மூக்கைத் தொடு. எங்கயாவது கூசுதோ, எரியுதோ?"

என் கன்னத்தில் எறும்பு ஊர்வது போல இருந்தது. இல்லை என்றேன். சொன்னால் மறுபடியும் பைப்படிக்கு இழுத்துப்போய், சூடைக்கு வேண்டிய நேரத்தை என்னில் செலவழிப்பார் என்று பயந்தேன்.

"உங்களுக்கு என்ன விசரோ மாமா? சாகப்போறது நானோ, அதோ?"

அவர் முற்றத்துக்குப் போய்ச் சாப்பிட்டதைச் சத்தி எடுத்துவிட்டு வந்தார். குழம்பு சரியில்லையாக்கும் என்று நினைத்தேன்.

இருட்டும்போது சூடையின் நடுக்கம் குறைந்து காதுகளில் மட்டும் நின்றது. கதவைத் திறந்து காட்டினார். அழுதழுது களைத்துப்போய் நான் படுத்துவிட்டேன். விடிய எழும்பியபோது என் கட்டிலோடு ஒட்டினாற்போல் குசினிக் கதிரை ஒன்று போட்டிருந்தது. அதில் மாமா நிமிர்ந்தபடி விழித்திருந்தார். எனக்குக் கோபம் பொங்கியது. நோயாளி குளியலறையில் தனியாகக் கிடக்க, இவருக்கு இங்கே என்ன காவல்? ஓடிப்போய்ப் பார்த்தேன். சூடை எழும்பி உட்கார்ந்து, கோணலாகத் தலையைச் சாய்த்து, மீன் கேட்டது.

பரீட்சை எழுதிவிட்டு வந்தபோது அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். கொட்டிலுக்குள் அம்மா மாமாவை ஏசிக்கொண்டிருந்தார். "உன்னை நம்பித்தானேடா விட்டிட்டுப் போனனான்" என்று கேட்டது. பிறகு அம்மா வெளியே வந்தார். நான் சூடையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சாக்கு எங்கே என்று பார்த்தேன். அம்மா பூனையை என் கையிலிருந்து விலக்கிக் கீழே விட்டார். என் கைகளை எடுத்து மோந்து பார்த்தார். கன்னத்தையும் மோந்து பார்த்தார். தெள்ளைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

தெள்ளு எல்லாம் செத்துப்போனதால்தான் அம்மா கேட்கவில்லை, நாங்கள் வென்றுவிட்டோம் என்றே நான் நினைத்தேன். பள்ளியிலும் அப்படித்தான் சொல்லித்திரிந்தேன்.

மாட்டின் உடம்பு உடைத்து வெளியேற்றிவிடும் அந்த மருந்தைப் பூனையின் ஈரல் உடைக்காது என்பதைப் படிக்கப் போன இடத்தில் தெரிந்துகொண்டேன். அளவைக் குறைத்தாலும் அது பூனைக்கு ஆகாது. மனிதர் தோலில் பட்டால் அனேகமாகக் கூச்சத்தோடு போய்விடும். மாமாவுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. பூனை நடுங்குவது மட்டும் தெரிந்தது. அதே மருந்தை அக்காவின் பிள்ளை வெறுங்கையால் தேய்த்தது, தன் சொல்லைக் கேட்டுத்தான் தேய்த்தது என்பதும் தெரிந்தது. அந்த வீட்டில் அன்று பூனைக்காகப் பயந்தது நான் ஒருத்திதான்.

சூடை பிறகு பல வருடம் இருந்து, வயதாகிச் செத்தது. மாமா இப்போதும் சல்லியில் இஞ்சின் திருத்துகிறார். அவர் வீட்டிலும் ஒரு பூனை நிற்கிறது. பூனைக்கென்றே செய்த மருந்தை நான் வாங்கிக் கொடுத்தேன். அதை அவர் போடவில்லை. பின்னேரங்களில் பல்நெருங்கிய சீப்பால் வாரி, அகப்படும் தெள்ளைச் சவர்க்காரத் தண்ணீரில் விடுகிறார். வாரி முடிந்ததும் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறார்.