பச்சை ஓலையும் வெள்ளை ஐசிங்கும்

அக்கா பெரியவளானது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரத்தில். விஷயம் தெரிந்ததும் அம்மா முதலில் அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு, சாப்பாட்டு மேசைமேல் தட்டுத் தட்டாக ஆறிக்கொண்டிருந்த குக்கிகள் கண்ணில் பட, "ஐயையோ" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது நாங்கள் லாஸ்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குக் கல்லூரி அலுவலகத்தில் வேலை. அம்மா வீட்டிலேயே ஓவன் வைத்து குக்கி சுட்டு விற்றாள். அப்பா அதை பிஸ்கட் என்பார். மேலே ஐசிங் போட்டால் அது குக்கி என்று அம்மா திருத்துவாள். பொங்கலுக்குப் பானையும் கரும்பும், ரம்ஜானுக்குப் பிறை, பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் கேட்கிற பொம்மை. சுடுவது அம்மா, ஐசிங் போடுவது அக்கா. கல்யாண வீடுகளில் மருதாணி கோன் பிடித்துப் பழகிய கை அவளுக்கு. எனக்கு ஒன்பது வயது. உடைந்ததைத் தின்று தீர்ப்பது என் இலாகா.

அந்த முறை ஆர்டர் கொடுத்திருந்தது எதிர்த் தெரு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். பாரிஸிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், மரத்தில் தொங்கவிட நட்சத்திரம், மணி, மான், பனிமனிதன், அவர்கள் நோயல் தாத்தா என்கிற கிறிஸ்துமஸ் தாத்தா எல்லாம் வேண்டும் என்று அந்த வீட்டம்மா நேரில் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். எங்களுக்குக் கிடைத்ததிலேயே பெரிய ஆர்டர் அதுதான்.

தவளக்குப்பத்திலிருந்து அத்தை வந்து இறங்கினாள். அப்பாவுக்கு மூத்தவள். ஒரு கையில் நல்லெண்ணெய், இன்னொரு கையில் உளுத்தம் மாவு. தாய்மாமா பச்சைத் தென்னை ஓலை கொண்டுவந்து பால்கனி மூலையில் குடிசை கட்டினார். அக்காவுக்குத் தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர்.

"சடங்கு முடியிற வரிக்கும் அவ சமையக்கட்டுப் பக்கம் வரக்கூடாது. அவ கை பட்டத யாரும் வாயில வெக்கக் கூடாது" என்றாள் அத்தை.

அதட்டிச் சொல்லவில்லை. பஸ் எங்கே நிற்கும் என்று சொல்வதைப்போலச் சொன்னாள். சொல்லிவிட்டு அக்காவின் தலையை மடியில் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை எண்ணெய் தேய்த்தாள். உளுந்தங்களி கிண்டினாள். ஐசிங்குக்கு என்று வாங்கி வைத்திருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து அக்காவின் வாயில் ஊற்ற ஆரம்பித்தபோதுதான் அம்மா பதறிப்போய் நடுவே புகுந்து ஒரு சமாதானம் செய்துவைத்தாள். மஞ்சள் கரு அக்காவுக்கு, வெள்ளைக் கரு ஐசிங்குக்கு.

நான் ஓலை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். பெரியவளாகிவிட்டாள் என்றார்களே தவிர, அக்கா முந்தின நாள் இருந்த உயரத்தில்தான் இருந்தாள்.

வேறு வழியில்லாமல் ஐசிங் கோன் என் கைக்கு வந்தது. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். நோயல் தாத்தாவுக்குத் தாடி வைத்தேன். தாடி வழிந்து வயிற்றுக்கு இறங்கி, பாதி சவரத்தில் போன் பேச எழுந்து வந்த அப்பாவைப்போல ஆகிவிட்டார். பனிமனிதனின் கண்கள் கரைந்து கன்னத்துக்கு வந்தன. மானைப் பார்த்துவிட்டு அப்பா, "நண்டு நல்லாருக்கு" என்றார்.

"இதக் குடுத்தா அப்பறம் நம்மகிட்ட யாருடி வாங்குவாங்க?" என்று அம்மா எல்லாவற்றையும் கத்தியால் சுரண்டினாள். அவள் போட்டுப் பார்த்ததும் என்னுடையதைவிடப் பெரிதாக ஒன்றும் தேறவில்லை.

மறுநாள் மத்தியானம் அத்தை சாப்பிட்டுவிட்டு ஹாலில் கண்ணயர்ந்தாள். நான் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு குடிசை வாசலில் போய் உட்கார்ந்தேன். அக்கா உள்ளிருந்து கிசுகிசுத்தாள்.

"மொதல்ல சுத்தி கோடு போடு. அது காய உடு. அப்பறமா உள்ள ரொப்பு."

"காஞ்சிடுச்சு."

"பொய் சொல்லாத. இப்பதான போட்ட?"

நான் ரொப்பினேன். கோட்டைத் தாண்டி ஓடியது. "ஐயோ, அழுத்தாதடி, அழுத்தாத!" என்ற அக்காவின் கை ஓலையைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. கோனுக்கு அருகில் வந்ததும் சட்டென்று நின்றது. மெல்ல உள்ளே போய்விட்டது.

நிமிர்ந்தால் அம்மா நிற்கிறாள். அடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை, அந்தக் கை போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, தட்டையும் கோனையும் ஓலைக்கு அடியில் உள்ளே தள்ளினாள். மற்ற தட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தள்ளினாள். ஹாலுக்குப் போய் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தாள்.

அக்காவுக்கு ஓவியமாக வந்தது. தாத்தாவின் தாடி சுருள் சுருளாக நின்றது. மான்களின் கழுத்தில் மணி கட்டினாள். ஒரு பனிமனிதனுக்கு அத்தையுடையதைப்போலவே ஐசிங்கில் ஒரு மூக்குத்தி வைத்தாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அதை மட்டும் அக்கா தன்னிடமே வைத்துக்கொண்டாள். மேசைக்குத் தட்டுகளைச் சுமந்தது நான்தான்.

கடைசித் தட்டோடு திரும்பினால் அத்தை எழுந்து மேசையருகே நிற்கிறாள். அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்த அப்பா கையில் ஹெல்மெட்டோடு நின்றார். அத்தை என்னையும் தட்டையும் பால்கனியையும் பார்த்தாள்.

"இது யாரு போட்டது?"

நான் என்று சொல்ல வாயெடுத்தேன். நண்டைப் பார்த்தவர்கள் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

"அவதான் போட்டா, அண்ணி" என்றாள் அம்மா.

"அவ கை பட்டத வாயில வெக்கக் கூடாதுன்னு சொன்னேனே?"

அம்மா தட்டிலிருந்து ஒரு நோயல் தாத்தாவை எடுத்துக் கடித்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது எனக்கென்று நான் எடுத்து வைத்திருந்தது. தவிரவும், சுடும்போது வருகிற வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது என்று தன் குக்கியைத் தானே தொடாதவள் அம்மா. அவள் அங்கேயே நின்று, அவசரப்படாமல், தாடி தொப்பி எல்லாம் தின்று முடித்து, விரலில் ஒட்டியிருந்ததையும் நக்கினாள். இவ்வளவு பசியை வைத்துக்கொண்டு மத்தியானம் ஏன் சாப்பிடவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பா ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு மானை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"பிஸ்கட் நல்லாருக்கு" என்றார்.

"குக்கி" என்றாள் அம்மா.

அத்தை போய் பால்கனியில் உட்கார்ந்துகொண்டாள். எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி அப்பாவும் நானும் சொல்தா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தோம். அந்த வீட்டம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "உங்க பெரிய பொண்ணு கை தங்கம்" என்றார்.

திரும்பி வரும்போது அத்தை அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பின்னல் முடிந்ததும் அக்கா திரும்பி, மூக்குத்தி வைத்த அந்தப் பனிமனிதனை நீட்டினாள். "இது நீங்கதான், அத்த."

அத்தை அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "எங்கள எல்லாம் மாட்டுக் கொட்டாயிலதான் ஒக்கார வெச்சாங்க" என்றாள், யாரிடம் என்றில்லாமல். பிறகு ஒரு ஓரத்தைக் கடித்தாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

காய்ந்த ஐசிங் கல்மாதிரி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அத்தைக்குப் பல் வலி வந்துவிட்டது என்று சமையற்கட்டுக்கு ஓடி, வெந்நீரில் உப்புப் போட்டு எடுத்துவந்தேன்.

"நல்லா கொப்பளிச்சுத் துப்புங்க அத்த, சரியாப் பூடும்."

அத்தை என்னைப் பார்த்தாள். அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே டம்ளரை வாங்கிக் கொப்பளித்தாள். அக்கா ஓலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். மூக்குத்திக்குப் பதிலாக மெத்தென்று எதையாவது வைத்திருக்கலாம் என்று அவள்மேல் எனக்குக் கோபம்.