ஹட்டனுக்குக் கொண்டுபோன துரு

துருப்பிடித்த இரும்போடு பஸ் ஏறும் தமிழர் பாதி வழியில் இறக்கப்படுவார் என்று எங்கள் வீட்டில் அப்போது உறுதியாக நம்பினார்கள். அது 1997, குண்டுச் சந்தேகம் நிறைந்த போர்க்காலம். ஹட்டனுக்கு அப்பால் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வாழ்ந்த என் தங்கை சரசுவுக்கு மறுநாள் பத்து மணிக்குத் தையல் ஆசிரியை வேலைக்கான நேர்முகம். மூன்று வகைத் துணியில் தானே சாயமிட்ட கோலத்தைக் காட்ட வேண்டும். துருக்கறையால் அதைச் செய்ய நினைத்தாள். தொழிற்சாலை முற்றத்து இரும்பைத் தொட்டால் திருட்டு என்பார்கள். ஆகவே கண்டியில் ஆசிரியையாக இருந்த நான் அங்கிருந்து கொண்டுபோனேன்.

காலை எட்டு மணி பஸ்; கட்டணம் இருபத்திரண்டு ரூபாய். கினிகத்தேனைக்கு முன் சோதனைச்சாவடியில் சிப்பாய் ஒருவர் என் பையைக் கவிழ்த்தார். வளையங்கள், ஆணிகள், கம்பிச்சுருள்.

"துணிக்குச் சாயம் போட" என்றேன் சிங்களத்தில். என் குரல் எனக்கே பொய்போல் ஒலித்தது.

பின்னிருக்கைக்காரர் முணுமுணுத்தார்: "டீச்சர், ஆணி யாவாரத்த நாளைக்கு வச்சிக்கக் கூடாதா? எங்க பொழப்பு போகுது."

முன்பே சோதித்துப் பார்த்த கைக்குட்டையை நீட்டினேன். அதிலிருந்த செம்மஞ்சள் வட்டங்களின்மேல் இரும்பு வளையங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பொருந்தின. கம்பிச்சுருளை மட்டும் தான் வைத்துக்கொண்டு, என்னைப் போகச் சொன்னார்.

பதினொன்றரைக்கு ஹட்டன், அங்கிருந்து வேனில் ஒன்பது கிலோமீட்டர். பருத்தி, பட்டு, செயற்கை இழைத் துணியான நைலெக்ஸ் மூன்றையும் வினாகிரி என்ற புளிக்காடியில் நனைத்து, இரும்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினோம். விடியும்வரை ஈரம் காயக் கூடாது என்று சரசு எல்லோரிடமும் சொல்லிவைத்தாள்.

காலை ஐந்து மணிக்குப் பிரித்தபோது பருத்தியின் வட்டங்கள் கறுத்திருந்தன. பட்டு மழைமேகம்போல் சாம்பல் நிறம். நைலெக்ஸில் லேசான அழுக்கு மட்டுமே ஒட்டியிருந்தது.

சரசுவின் கணவர் முருகேசு வாசலில் தலைகுனிந்து நின்றார். "காஞ்சிருமேன்னு பயந்து, கேத்தல்ல மிச்சமிருந்த தேத்தண்ணிய ஊத்திட்டேன், மதினி."

"சும்மா இருக்கிறதுக்கும் ஒங்களுக்கு ஒரு கங்காணி வேணும் போல!" என்றாள் சரசு. சிரிக்க முயன்று அழுதாள். மறுபடி செய்ய நேரமில்லை. உப்புநீரில் அலசி, ஈரத்தோடு மடித்து எடுத்துக்கொண்டு ஆறரை பஸ்ஸைப் பிடித்தோம்.

நேர்முகத்தில் கறுப்புக்குக் காரணம் கேட்டார்களாம். "இரும்புல தேத்தண்ணி பட்டா இப்பிடித்தான் ஆகுங்க. வீட்டுக்காரரு தெரியாம ஊத்திட்டாரு. நைலெக்ஸ்ல எதுவுமே புடிக்கல" என்று உள்ளதைச் சொன்னாளாம். கேட்டவர் பட்டுத் துணியை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்திருக்கிறார்.

வேலை கிடைத்தது, தொலைவிலிருந்த வலப்பனையில். சரசு அங்கே அறையெடுத்தாள். மாதம் ஒருமுறை வந்துபோனாள், பிறகு அதுவும் குறைந்தது. முருகேசுவுக்குத் தோட்டத்து வேலைப் பதிவேட்டில் பெயர் இருந்தது. வேலையை விட்டால் லயமும் போய்விடும்.

இன்றும் அந்த லயத்தில் அவர் இருக்கிறார்.