மாடி ஏறாத நெட்

மரக்காணத்தில் எங்கள் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த வருஷம், வந்த கோபத்தையெல்லாம் அந்த ரூட்டர் மேல்தான் கொட்டினேன். பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடித்து அனுப்பும் வேலை எனக்கு. ஆபீஸ் சென்னையில். பாப்பாவுக்கு மூன்று வயது என்பதால் வீட்டிலிருந்தே செய்யச் சம்மதித்திருந்தார்கள். ஃபைல் தாமதமானால் சென்னைக்கே வந்து உட்கார வேண்டும், இல்லையென்றால் வேலை கிடையாது. அதுதான் பேச்சு.

ரூட்டர் கீழே ஹாலில். அங்கே நாள் முழுக்க டிவி அலறும் என்பதால் கம்ப்யூட்டரை மாடி அறையில் வைத்திருந்தேன். ரூட்டரோடு வந்த மென்பொருளில் எதையும் மாற்ற முடியவில்லை என்று, யார் வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளக்கூடிய இலவச ஃபர்ம்வேரை நானே ஏற்றினேன். ரொம்ப நாள் நன்றாகத்தான் ஓடியது. திடீரென்று நெட் நத்தையாய் நகர ஆரம்பித்தது. ஃபைல்கள் தாமதமாயின.

வைஃபை சேனலை மாற்றினேன். சிக்னல் பவரைக் கூட்டினேன். ரூட்டர் சூடானதுதான் மிச்சம். ஃபர்ம்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். ஒன்றும் ஆகவில்லை.

"கண்டதையெல்லாம் அதுல ஏத்தாதன்னு அப்பவே சொன்னேன்ல?" என்றார் என் வீட்டுக்காரர். மோடம் எது, ரூட்டர் எது என்று தெரியாத மனுஷன் எனக்குப் புத்தி சொல்கிறார்! பற்றிக்கொண்டு வந்தது.

கம்ப்யூட்டரைக் கீழே தூக்கி வந்து வயரில் மாட்டிப் பார்த்தேன். பிய்த்துக்கொண்டு ஓடியது. அப்படியென்றால் கோளாறு காற்றில் வரும் சிக்னலில்தான். ஆன்டெனாவைத் திருப்பலாம் என்று பிடித்தேன், கை வழுக்கியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே கறுப்பாக கிரீஸ், வழிய வழிய.

மாமனாருக்கு உப்பளம். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று, பம்புசெட் போல்ட்டிலிருந்து வாசல் கேட்டின் கொண்டி வரை அவர் கிரீஸ் தடவாமல் விட்டதில்லை.

"புதுப் பொருளாச்சேன்னு கயட்டி உள்ளயும் நல்லா அப்பிட்டேம்மா. இனிமே துருவே புடிக்காது," என்றார் பெருமையாக. அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கத்துவது? கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து மாட்டியதும் மாடியில் நெட் வந்தது. கூடவே ஆபீஸ் மெயிலும் வந்தது. திங்கட்கிழமை முதல் சென்னைக்கு வரவும்.

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்காரர் முகத்திலோ நிம்மதி. "நல்லதாப் போச்சு, விட்டுடு. பாப்பாவப் பாத்துக்கிட்டு வீட்ல இரு." கிரீஸ் அப்பியவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷமே இவர் மேல் திரும்பியது.

"நான் போறேன். பாப்பாவ நீங்க பாத்துக்கங்க," என்றேன்.

திங்கட்கிழமை காலை பெட்டியோடு சென்னை பஸ் ஏறினேன். வீட்டுக்காரர் வரவில்லை. மாமனார்தான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். சாயங்காலமே வந்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு அவள் சிரித்துச் சிரித்துக் கையாட்டினாள்.