கழற்றிப் பூட்டிய துவக்கு

ஐம்பத்தோரு வயதில் நான் சுடுகிற துவக்கு ஒன்று வாங்கினேன். லண்டன் கிங்ஸ்பரியில் இதைக் கேள்விப்பட்ட எங்கள் சனம் எவரும் என்னைப் பார்க்கவில்லை. என் கணவரைத்தான் பார்த்தார்கள்.

காரணம் உண்டு. கலியாணம் பேசும்போதே என் தாய்மாமா என் காதுக்குள் சொல்லியிருந்தார்: "பெடியன் முந்தி இயக்கத்திலை இருந்து சண்டை பிடிச்சவன். ஒண்டும் கேட்டுக் கிண்டாதை." நான் கிண்டவில்லை. அவருக்கு முழங்காலுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. கொண்டாட்டங்களில் அவர் வந்தால் ஆண்கள் கதிரையை விட்டு எழும்புவார்கள். யாராவது பழைய கதையைத் தொட்டால் தேநீர்க் கோப்பையைப் பார்த்துச் சிரிப்பார். இருபத்தாறு வருடங்கள் அந்தச் சிரிப்புக்கு மரியாதை கொடுத்தேன். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஒரு பலூன்கூடக் கட்டவிடவில்லை. வெடித்தால் மனுசனுக்கு என்ன ஆகுமோ என்ற பயம்.

எனக்குச் சுடும் பைத்தியம் பிடித்தது வேலையிடத்துத் தோழியால். ஒரு சனிக்கிழமை தன் கிளப்புக்குக் கூட்டிப் போனாள். பாயில் குப்புறப் படுத்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, தூரத்துக் கடதாசி வட்டத்தைப் பார்த்தபோது, தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த சமையல், ஷிப்ட், மாமியாரின் மருந்து எல்லாம் நின்றுபோயின. பிடித்துப்போயிற்று. வெட்கமாகவும் இருந்தது.

அதே கிளப்பில் கண் மங்கிப்போன வெள்ளைக்காரர் ஒருவர் தன் ரைபிளை விற்றார். சின்னத் தோட்டா போடுவது. ஒன்றைச் சுட்டதும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். அதற்கு லைசென்ஸ் கேட்டேன். பொலிஸ் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். சுவரில் பூட்டிய இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார். சாவி இருக்குமிடம் கணவருக்கும் தெரியக் கூடாது என்றார். பிறகு என் கணவரிடம் திரும்பி, நீங்கள் எப்போதாவது துப்பாக்கி பிடித்ததுண்டா என்று கேட்டார்.

"நோ," என்றார் என் கணவர், முகம் கொஞ்சமும் மாறாமல்.

எனக்கு முதுகு வியர்த்தது. என் விளையாட்டுக்காக இந்த மனுசனைப் பொய் சொல்ல வைத்துவிட்டேனே, ஒரு நாள் எல்லாவற்றையும் தோண்டியெடுத்து அவரைக் கொண்டுபோய்விடுவார்களே என்று மாதக்கணக்காகப் பயந்தேன். கதவு மணி அடித்தால் முதலில் யன்னல் திரையை விலக்கிப் பார்ப்பேன்.

ரைபிள் வந்தது, தன் குணங்களோடு. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கோது வெளியே பறக்காமல் பாதியில் சிக்கிக்கொள்ளும். மெழுகு பூசிய தோட்டா கரியைப் படியவிடும், துடைக்காமல் விட்ட நீ சோம்பேறி என்று விற்றவர் என்னைத் திட்டினார். அதனால் ஞாயிறுகளில் சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்துக் கழற்றுவேன். பழைய பல் பிரஷால் கரியைச் சுரண்டி, குழலுக்குள் துணி விட்டு இழுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன். அந்த நேரம் என் கணவர் மாடிக்குப் போய்விடுவார். பாவம், போகட்டும் என்று விடுவேன்.

போன மாசியில் ஒரு ஞாயிறு, திரும்பப் பூட்டும்போது உள்ளேயிருக்கும் சுருள்கம்பி தன் இடத்தில் உட்கார மறுத்தது. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். தண்ணீர் குடிக்க அவர் இறங்கி வந்தார். லைசென்ஸ் இல்லாத அவர் கையில் அதைக் கொடுக்கக் கூடாதென்று எனக்குத் தெரியும். ஆனால் இன்றாவது இந்த மனுசன் என்னிடம் மனம் திறக்கட்டும் என்று ஓர் ஆசை.

"ஒருக்காப் பாருங்கோ. உங்களுக்குத் தெரியும்தானே," என்றேன்.

தண்ணீர்க் கிளாசை மேசையில் வைத்தார். பிறகு எடுத்தார். எடுத்த உடனேயே விரல் விசைக்குள் போனது. குழல் என் நெஞ்சுக்கு நேரே நின்றது. குழலை ஆளுக்கு நேரே பிடிக்காதே, விரலை உள்ளே விடாதே என்பது கிளப்பில் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லித் தருவது. எது சுருள்கம்பி என்றுகூடத் தெரியாமல் அவர் மேசையிலிருந்த துணியையும் எண்ணெய்ப் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தார்.

குழலைப் பிடித்து நிலத்துக்குத் திருப்பினேன். உள்ளே தோட்டா இல்லையென்று தெரிந்தும் அதை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தேன்.

"அப்ப, காலிலை இருக்கிற தழும்பு?"

"சைக்கிளாலை விழுந்தனான்," என்றார். "சனங்கள் தாங்களாக் கதைச்சது. நான் ஒரு நாளும் ஓம் எண்டு சொல்லேல்லை."

"இல்லையெண்டும் சொல்லேல்லை."

"ஆருக்கும் சொல்லாதையும்," என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பலூன் இல்லாத பிறந்தநாட்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பிறகு அந்த அதிகாரியும் நினைவுக்கு வந்தார். நான் வியர்த்துப் பயந்த அந்த "நோ" உண்மை. இருபத்தாறு வருடங்கள் எனக்குச் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு பொலிஸ்காரனிடம், என் பக்கத்திலேயே நின்று சொல்லியிருக்கிறார்.