காதுக்காரரும் சிவப்பு விளக்கும்

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காதுக்காரர் என்றால்தான் தெரியும். பானெட்டைத் திறக்குமுன்பே, இன்ஜின் ஓடுகிற சத்தத்தை வைத்து இன்ன கோளாறு என்று சொல்லிவிடும் கார் மெக்கானிக். டாஷ்போர்டில் விளக்கு எரிகிறது என்று யாராவது பதறிக்கொண்டு வந்தால் அவருக்குக் கொஞ்சம் இளப்பம்தான். விளக்குக்கு என்ன தெரியும் என்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு எட்டு மாதமாகக் காது மந்தம். பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் பிழைப்பில் மண் விழுமே என்று உள்ளுக்குள் நடுக்கம். கெட்டிக்காரர், அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டி எப்படிச் சத்தம் போடுகிறது என்று கொண்டுவந்தவர்களையே செய்துகாட்டச் சொன்னார். வங்கி மேலாளர் டை கட்டிய கழுத்தை நீட்டி 'கிர்ர்ர்' என்றார். பல் டாக்டர் 'கீச் கீச்' என்றார். இவர் அவர்கள் வாயையே உற்றுப் பார்த்துத் தலையாட்டி, பெல்ட் என்றோ பேரிங் என்றோ சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. இப்படியே எல்லார் காதிலும் பூச்சுற்றிக் காலத்தை ஓட்டினார்.

ஒரு நாள் காலை, பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியை வந்தார். யாருக்கும் அஞ்சாத அம்மாள். சிக்னலில் வண்டி நிற்கும்போது சிவப்பு ஆயில் விளக்கு மினுக் மினுக்கென்று எரிகிறதாம். இன்றைக்கு வெளியூர் வேறு போக வேண்டுமாம். காதுக்காரர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்தார். அளவு சரி. அப்படியானால் இரண்டில் ஒன்று: விளக்கை எரியவைக்கும் சுவிட்ச் கெட்டிருக்கும், இல்லையென்றால் ஆயில் நிஜமாகவே மேலே ஏறவில்லை. ஏறாவிட்டால் இன்ஜினின் மேல்பக்கம் தட்டுகிற சத்தம் கேட்கும்.

சத்தம் ஏதாவது கேட்டதா என்று விசாரித்தார். ஒரு பொட்டுச் சத்தம்கூட இல்லை என்று அந்த அம்மாள் அடித்துச் சொன்னார். இன்ஜினை ஓடவிட்டு இவரும் குனிந்து கேட்டார். ஒன்றுமில்லை. சுவிட்ச்தான், தைரியமாகப் போய்விட்டு வாருங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொல்லி பானெட்டைச் சாத்தப் போனார்.

பட்டறைக்குள்ளே இருந்த அவர் மனைவி ஓடிவந்து சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தாள். எதிர்க்கடைத் தையல்காரர்கூட மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்தியலால அடிக்கிற மாதிரி டக்டக்குன்னு கேக்குது. உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள், அவர் முகத்துக்கு நேரே.

அவருக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருடம் பள்ளி மணிக்கும் பிள்ளைகளின் கூச்சலுக்கும் நடுவே இருந்த அந்த அம்மாளின் காதும் தன் காது மாதிரிதான். போகிற வழியில் இன்ஜின் இறுகி நடுரோட்டில் நின்றிருப்பார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் தெரிந்தே ஒருவரை அப்படி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. இத்தனை மாதம் மறைத்துவைத்ததைச் சின்னக் குரலில் சொன்னார்.

"மேடம், விளக்கு சொல்றதுதான் நிஜம். நம்ம ரெண்டு பேருக்கும் காது சரியா கேக்கல."

தலைமை ஆசிரியை கையைக் காதோரம் குவித்தார். "என்ன சொன்னீங்க? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

காதுக்காரர் தெருவைப் பார்த்தார். தையல்காரரோடு இப்போது இன்னும் நாலு பேர் சேர்ந்து நின்றார்கள். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மறுபடியும் சொன்னார்.