லீவு கேட்டால் அப்பாவுக்குப் போன்

எங்கள் தொழிற்சாலை ஒரகடத்தில். நான் மனிதவளத் துறையில் இருந்தேன். வேலைக்கு வரும் பிள்ளைகள் ஆறு மாதம்கூட நிற்பதில்லை என்று ஒருநாள் கூட்டம் போட்டார்கள். இந்தக் காலத்து இளைஞர்கள் என்னதான் எதிர்பார்க்கிறார்கள் என்று அரைநாள் பேசி, கடைசியில் கேண்டீன் சுவருக்குப் புதுப் பெயின்ட், செல்ஃபி எடுக்க ஒரு மூலை, பிறந்தநாளுக்கு கேக் என்று முடிவு செய்தோம். நானும் தலையாட்டினேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏனென்றால் அதே அலுவலகத்தில்தான் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்கள் லீவு கேட்டால், அப்பாவுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டுத்தான் கொடுப்போம். ஆண்களுக்கு இது கிடையாது.

அந்த வாரமே ராமநாதபுரம் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். இருபத்துமூன்று வயது. அசெம்பிளி லைனில் அவள் வேகத்துக்கு யாரும் ஈடு கிடையாது. அரசு வேலைக்கான பரீட்சை எழுத சனிக்கிழமை ஒருநாள் லீவு கேட்டாள்.

"வீட்டுக்கு மட்டும் போன் போட்றாதீக சார். பரீட்சை எழுதுறது அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா கூட்டிட்டுப் போயி கல்யாணத்த முடிச்சிருவாக. லீவு எனக்குத்தான சார்?"

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"இன்னாப்பா நீ? ரூல்னு ஒண்ணு கீதுல்ல? நாளைக்கு எதுனா ஆச்சுன்னா நீயா பதில் சொல்லுவே? போன் போடு."

போன் போகவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தத் துப்புகூட எனக்கு இல்லை. போட்டேன். எதற்கு லீவு என்று அவள் அப்பா கேட்டார். விண்ணப்பத்தில் இருந்ததை அப்படியே வாசித்தேன். மேனேஜர் மேல் இருக்கும் கோபத்தைவிட என் மேல் இருக்கும் கோபம்தான் பெரிது.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா கேட்டில் வந்து நின்றார். மத்தியானத்துக்குள் அவள் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, ராஜினாமா படிவத்துக்காக என் மேஜைக்கு வந்தாள். அழுது வீங்கிய முகம்.

"பாத்தியா? இந்த ஜெனரேஷனே இப்டிதான். ஒரு எடத்துல நிக்காதுங்க" என்று மேனேஜர் என் காதருகே சொன்னார். அவர் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். நானோ படிவத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள். "இதுல யாரு சார் கையெழுத்துப் போடணும்? நானா, அப்பாவா?"

"நீதாம்மா" என்றேன். வேலையை விடுவதற்கு மட்டும் அவள் கையெழுத்தே எங்களுக்குப் போதுமாக இருந்தது.