கோக்காத சீட்டு

காலை ஏழு பத்து. பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்கு நூறு மீட்டர் முன்னால் சுண்ணாம்புக் கோடு. கோட்டை ஒட்டி வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் எங்கள் தெருத் தறிகளுக்குப் பட்டுப் பாவு நூல் கொடுக்கும் முதலாளி உட்கார்ந்திருந்தார். சட்டத்தை மதிப்பவர், நாற்காலியின் ஒரு கால்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. போகிறவர்களிடம் எல்லாம் ஒரே பேச்சு: “பாத்துப் போடுங்க. யாரு எதுல போட்டாங்கன்னு சாயங்காலம் எனக்கு வந்துடும்.”

இந்தப் புளுகை ஒவ்வொரு தேர்தலிலும் கேட்கிறேன். ஒவ்வொரு தேர்தலிலும் தெருவே நம்புகிறது.

வரிசையில் எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்கா நின்றார். அவர் தறியில் பாவு தீரப்போகிறது. முதலாளி அடுத்ததைக் கொடுக்காவிட்டால் தறி சும்மா நிற்கும்.

“அவர் சொன்ன சின்னத்துலயே போட்டுடறேன்” என்றார், குரலைத் தாழ்த்தி. “மனசு வேற சின்னத்துலதான்.”

“அவருக்கு எப்படிக்கா தெரியும்?”

“தறிக்கு மேல தொங்கற ஜக்கார்டு ஓட்டை அட்டையைப் பாத்தா புடவையில எந்தப் பூ எப்ப வரும்னு சொல்லிடலாம் இல்ல? இங்கயும் பட்டனை அமுக்கினா சின்னம் அச்சடிச்ச சீட்டு வரிசையாத்தானே மெஷினுக்குள்ள போவுது. நான் எத்தினியாவது ஆளுன்னு தெரிஞ்சா போதும்.”

எரிச்சல் வந்தது. ஆனால் தறியில் உட்கார்ந்து பழகிய யாரும் அப்படித்தான் யோசிப்பார்கள்.

“அட்டையை நூல் போட்டு வரிசையா கோத்து வெக்கிறீங்க. இந்தச் சீட்டை யாருக்கா கோக்கறாங்க? அறுந்து பெட்டிக்குள்ள விழுது. உங்க பேரும் அதுல இல்ல.”

“கோக்கறது இல்லியா?”

“இல்ல.”

“இத்தினி நாளா இத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா உனக்கு?”

“போன தடவையே சொன்னேன். நீங்க பின்னால இருந்தவங்களோட பேசிகினு இருந்தீங்க.”

அக்காவின் முறை வந்தது. உள்ளே போனார். மறைப்புக்குப் பின்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்; அதிகாரி தலையை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு பீப் சத்தம் கேட்டது.

நானும் போட்டுவிட்டு அவரோடு வெளியே வந்தேன். முதலாளி நாற்காலியில் இருந்தபடியே கேட்டார்.

“என்னாம்மா, போட்டியா?”

“போட்டேங்க.”

“எதுல?”

“சாயங்காலம் உங்களுக்கே வந்துடுமேண்ணா. நான் வேற எதுக்குங்க சொல்லிகினு?”

டீக்கடைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை முதலாளியிடமிருந்து அக்கா வீட்டுக்குப் புதுப் பாவு வந்தது. மாம்பழ மஞ்சள்.